மினியேச்சர்: சிறுமையல்ல, செந்தூரம்

மினியேச்சர் என்றதும் 'மினி' காதில் விழுவதால், சிறிய படம் என்றே பொருள் கொள்கிறோம். சொல்லின் வேர் அளவில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. லத்தீனில் 'மினியம்' என்றால் ஈயச் செந்தூரம். ஐரோப்பிய ஏட்டெழுத்தர்கள் முதலெழுத்துகளை அந்தச் சிவப்பால் தீட்டினார்கள். அந்த வேலையைக் குறித்த சொல்லே இத்தாலியில் 'மினியதுரா' ஆனது. சிறுமையைக் குறிக்கும் லத்தீன் சொற்களோடு ஒலி ஒத்ததால், பின்னாளில் பொருள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

நம் நாட்டு ஓவியர்களின் தட்டிலும் செந்தூரம் இருந்தது. ஆனால் அவர்கள் தீட்டிய படங்களின் அளவோ ஒரே மாதிரி இல்லை. இமயமலை அடிவாரத்துக் குலேரில் 1725 வாக்கில் ஓவியர் மானக்கு தீட்டிய, இராமாயணத்தின் இலங்கை முற்றுகைத் தாள்கள் ஏறக்குறைய 80 செ.மீ. அகலம்! அவற்றைச் சிற்றோவியம் என்பது பொருந்தவே பொருந்தாது.

வியப்பு நுணுக்கத்தில்தான். ராஜஸ்தானத்து மேவார் அரசில் உருவான இராமாயண ஏட்டின் யுத்த காண்டத்தை 1652-இல் ஓவியர் சாஹிப்தீன் தீட்டினார். அதில் நாகபாசக் காட்சி உள்ள தாளில், இராவணன் மகன் இந்திரஜித் ஒரே பரப்பில் பலமுறை வருகிறான். பாம்புகள் சுற்றிக் கிடக்கும் இராம லட்சுமணரை, புஷ்பக விமானத்திலிருந்து சீதை பார்க்கிறாள். ஒரு நிகழ்ச்சித் தொடரே ஒரு தாளில் நடந்து முடிகிறது. கண்ணை நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டிய படம் அது.

ஆகவே தமிழில் 'நுண்ணோவியம்' என்பதே சரியான சொல். 'சிற்றோவியம்' என்பதை விட்டுவிடலாம்.