தொழில்முனைவுப் பள்ளி (தஞ்சாவூர், காவிரிப் படுகை)

தொழில்முனைவுப் பள்ளி என்பது வழக்கமான பாடங்களோடு, ஒரு தொழிலைத் தொடங்கி நடத்தும் பழக்கத்தையும் மேல்நிலை வகுப்புகளிலேயே தரும் பள்ளி. அடக்கவிலை போடுவது, பேரேடு எழுதுவது, கடன் வாங்கித் திருப்புவது, வாங்க வருபவரிடம் பேசுவது எல்லாம் அங்கே பாடங்கள். அமெரிக்காவில் இது பெரும்பாலும் ‘சார்ட்டர் பள்ளி’ என்ற வடிவில், நகர்ப்புற ஏழைப் பிள்ளைகளுக்காக நடக்கிறது. இந்தியாவில் அதற்கான சட்டம் கிடையாது. ஆனால் அதன் கூறுகள் தஞ்சை மண்டலத்துக்குப் புதியவை அல்ல. அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் உதவி பெறும் பள்ளி, மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவு, வல்லத்தின் மகளிர் தொழில்நுட்ப நிறுவனங்கள் என அவை வெவ்வேறு காலங்களில் இங்கே வேரூன்றியவை. இவற்றை ஒன்றுசேர்க்க முடியுமா, சேர்த்தால் அது யாருக்குப் பயன்படும் என்பதே இப்பொருளின் மையக் கேள்வி.

வெளிநாட்டுத் தோற்றம்

சார்ட்டர் பள்ளிக்கான முதல் சட்டம் 1991இல் மினசோட்டா மாநிலத்தில் வந்தது. மறு ஆண்டு செயின்ட் பால் நகரில் ‘சிட்டி அகாடமி’ திறந்தது. நடத்துபவர்களுக்கும் அரசுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கும். மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் தரும். கட்டணம் வாங்கக் கூடாது. பாடமும் பள்ளி நேரமும் பெரும்பாலும் பள்ளியின் விருப்பம். சொன்னபடி பிள்ளைகள் தேறாவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகும். தொழில்முனைவுப் பாடத்தின் வரலாறு இதைவிடச் சற்று முந்தியது. நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் கணக்கு ஆசிரியராக இருந்த ஸ்டீவ் மரியாட்டி, வகுப்பில் உட்காரவே மறுத்த பிள்ளைகள் வாங்கி விற்கும் கணக்கு என்றால் காது கொடுப்பதைக் கண்டு, 1987இல் அதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். இந்தியாவில் டெல்லி அரசு 2019இல் 9 முதல் 12 வரையான வகுப்புகளுக்குத் தொழில்முனைவு மனப்பாங்குப் பாடத்தைக் கொண்டுவந்தது. பின்னர் ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ திட்டத்தில் மாணவர்களுக்கு விதைப்பணமும் கொடுத்தது.

தஞ்சையின் உதவி பெறும் பள்ளிகள்

அரசு பணம் தர, பிறர் பள்ளி நடத்தும் ஏற்பாடு தஞ்சையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டியன் பிரெட்ரிக் ஷ்வார்ட்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சலிவனின் ஆதரவோடு 1780களில் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகளைத் தொடங்கினார். கம்பெனி இயக்குநர்கள் 1787இல் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் மானியம் ஒதுக்கினார்கள். 1854ஆம் ஆண்டு உட்ஸ் கல்வி அறிக்கையை அடுத்துச் சென்னை மாகாணத்தில் மானிய விதிகள் எழுதப்பட்டன. தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை ஊர்களின் பெயர்பெற்ற பழைய பள்ளிகளில் பலவும் அந்த மானியத்தில் வளர்ந்தவை.

இந்த வழி இப்போது புதியவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்படும் தனியார் பள்ளிக்கோ புதிய வகுப்புக்கோ மானியம் இல்லை என்பது தமிழ்நாட்டுச் சட்டம். மினசோட்டா கதவைத் திறந்த அதே ஆண்டில் இங்கே கதவு சாத்தப்பட்டது. அரசுக்கு நிதிச்சுமை என்ற நியாயம் இருந்தது. ஆனால் அதன் பிறகு ஏழைப் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்க நினைத்தவருக்குக் கட்டணமும் நன்கொடையும் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

சுதந்திரமாக நடத்த விட்டால் பள்ளி தானாகச் செழிக்கும் என்று வாதிடுபவர்கள் கும்பகோணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருவில், ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துவந்த இடத்தில், சமையல் கூடத்தில் பற்றிய நெருப்பு கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலும் எளிய வீட்டுப் பிள்ளைகள். அனுமதி, ஆய்வு, சான்றிதழ் எல்லாம் தாளில் இருந்தன. கண்ணால் பார்த்தவர் இல்லை. விபத்தை அடுத்துக் கீற்றுக்கூரை போயிற்று. நீதிபதி சம்பத் ஆணைய விசாரணைக்குப் பிறகு கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகள் கறாராயின. புதிய பள்ளி தொடங்குபவர்கள் இவற்றைத் தொல்லை என்று அலுத்துக்கொள்வதுண்டு. காவிரி டெல்டாவில் அந்தச் சலிப்புக்கு இடம் கிடையாது.

குலக்கல்வியின் நிழல்

தமிழ்நாட்டில் பள்ளிக்குள் தொழில் என்று சொன்னதும் முதலில் எழுவது 1953இன் நினைவு. முதலமைச்சர் ராஜாஜி அந்த ஆண்டு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை நாளுக்கு 3 மணியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்பது திட்டம். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

இந்த நினைவு டெல்டாவில் மற்ற இடங்களைவிட ஆழமாக இறங்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே தகப்பன் தொழில் என்றால் பலருக்கும் பண்ணையாள் வேலைதான். மிராசுதாரின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு 1952இல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்தான் முதல் பிடிமானம். அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டுத் தொடங்கிய போராட்டம் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடித்தது. அந்த ஊர்களிலிருந்து தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் வந்து சுமை தூக்கியும், கட்டட வேலை செய்தும், ஆட்டோ ஓட்டியும் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒருவரிடம் போய், உங்கள் மகனுக்கு இங்கே தொழில் சொல்லித்தருகிறோம் என்றால், ‘அப்ப அவன காலேஜுக்கு அனுப்ப மாட்டீங்களா?’ என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னால் எழுபது ஆண்டு வரலாறு நிற்கிறது.

விவாதம் இன்னும் ஓயவில்லை. 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 வயதிலேயே சேரலாம். குடும்பத் தொழிலை மையமாகக் கொண்டது என்று தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. மாற்றாகக் கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்த வயது 35. படிக்கிற வயதைப் படிப்புக்கே விட வேண்டும் என்பது அந்த எண்ணின் பொருள். ஆகவே தஞ்சையில் ஒரு தொழில்முனைவுப் பள்ளி வருமானால், அது கல்லூரிக்குப் போகும் வழியை ஓர் அங்குலம்கூடக் குறுக்கக் கூடாது. அதற்கு உறுதி தராத எந்தத் திட்டத்தையும் இந்த மண் சந்தேகிப்பது சரியே.

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவு

1978இல் தமிழ்நாடு பத்தாம் வகுப்புக்கு மேல் இரண்டாண்டு மேல்நிலைப் படிப்பைக் கொண்டுவந்தபோது அதோடு தொழிற்கல்விப் பிரிவும் பிறந்தது. அதே ஆண்டு, வேலூரில் பிறந்தவரும் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவருமான மால்கம் ஆதிசேசையாவின் தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலைக் கல்வியில் செய்து கற்பதை முன்னிறுத்தி அறிக்கை தந்தது. வேளாண் அறிவியல், அடிப்படை இயந்திரவியல், மின்பொறியியல், நெசவியலும் ஆடை வடிவமைப்பும், செவிலியம், அலுவலக மேலாண்மை ஆகியவை இப்பிரிவில் நடக்கும் படிப்புகள். டெல்டாவின் அரசுப் பள்ளிகளுக்கு வேளாண் பிரிவு இயல்பாகப் பொருந்தியது.

சார்ட்டர் பள்ளியின் நோக்கத்துக்கு நம்மிடம் மிக அருகில் இருப்பது இதுதான். கட்டணம் இல்லை, அரசுப் பள்ளி, ஏழைப் பிள்ளைகள், கையில் தொழில். பொறியியல் கலந்தாய்வில் இவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனாலும் மதிப்பெண் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடமாகவே பல பள்ளிகள் இதைப் பாவித்தன. ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படாமல், படிப்பே மூடப்பட்ட பள்ளிகள் உண்டு. இன்னொரு குறை, மோட்டார் கட்டத் தெரிந்த பையனுக்கு அந்த வேலைக்கு எவ்வளவு கேட்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வல்லம்

தஞ்சையிலிருந்து திருச்சி சாலையில் போனால் வயல்கள் முடிந்து செம்மண் மேடு தொடங்கும் இடம் வல்லம். பெரியார் நூற்றாண்டை ஒட்டி 1980இல் இங்கே மகளிர் பாலிடெக்னிக் தொடங்கப்பட்டது. 1988இல் பெரியார் மணியம்மை மகளிர் பொறியியல் கல்லூரி வந்தது. 2007இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பெண்ணுக்குப் பொறியியல் எதற்கு என்று கேட்ட காலத்தில் கிராமத்துப் பெண்களைப் பட்டறைக்குள் கொண்டுவந்தது இதன் சாதனை. சுற்றியுள்ள 65 கிராமங்களில் இந்நிறுவனம் செய்த பணிகளை அப்துல் கலாம், நகர வசதிகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் தமது ‘புரா’ திட்டத்துக்கு முன்மாதிரியாகப் பல மேடைகளில் சொன்னார். குலக்கல்வியை எதிர்த்த இயக்கமே தொழில்நுட்பக் கல்வியைக் கையில் எடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தகப்பன் செய்யாத தொழிலை மகள் கற்றாள்.

இதற்கு முன்னோடியாக, பழைய தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில், உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை 1946இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் வேதாரண்யத்தில் நடந்துவருகிறது. அது காந்திய வழி.

பாடத்தில் இருக்க வேண்டியது

2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமானதால், உருக்காலை, துத்தநாக ஆலை, புதிய எண்ணெய் எரிவாயுக் கிணறு போன்றவை இங்கே வர முடியாது. விவசாயிக்கு அது காப்பு. வேலை தேடும் நகரத்துப் பிள்ளைக்கோ, அரிசியையும் உளுந்தையும் வாழையையும் கைவினையையும் சுற்றிய சிறுதொழில்தான் உள்ளூரில் மிஞ்சும் களம். தஞ்சாவூரின் ஓவியம், கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை, வீணை, சுவாமிமலை உலோகச் சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு எனப் புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள் இத்தனை நெருக்கமாக இருக்கும் வட்டாரங்கள் குறைவு. உணவு பதப்படுத்தலுக்கு, 1967இல் திருவாரூரில் நெல் பதனிடும் ஆய்வு மையமாகத் தொடங்கிய தேசிய நிறுவனம் தஞ்சையிலேயே இருக்கிறது.

ஒரு வகுப்பில் நடக்கக்கூடிய கணக்கைப் பார்ப்போம். ஒரு மாணவி வீட்டில் அம்மா கூழ்வற்றல் போட்டு விற்கிறார். ஆடுதுறை 37 என்ற குண்டரிசி 2 கிலோ 100 ரூபாய்; உப்பு, சீரகம், பச்சைமிளகாய், எரிவாயு 60 ரூபாய்; உறை 20 ரூபாய். ஆகமொத்தம் 180. விற்றது 300. லாபம் 120 என்று மாணவி நோட்டில் எழுதுவாள். ஆசிரியர் கேட்க வேண்டியது: விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கூழ் காய்ச்சியது யார்? மொட்டை மாடியில் வேட்டி விரித்துப் பிழிந்தது யார்? காக்கை விரட்டியது யார்? இரண்டு பேர் ஆறு ஆறு மணி நேரம். அந்த 120ஐ 12ஆல் வகுத்தால் மணிக்கு 10 ரூபாய். அம்மாவின் உழைப்பு எந்த நோட்டிலும் செலவாக ஏறுவதில்லை என்று அவள் அப்போதுதான் காண்பாள். ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் மாவு புளித்து முதலே போகும் என்பதையும் எழுதினால் இழப்புக் கணக்கு விளங்கும். மாதாந்திரச் சீட்டும் கந்துவட்டியும் வாரக்கடனும் இதற்கு அடுத்த பாடங்கள். நகரத்துத் தெருக்களில் பெண்கள் குழுவாக உட்கார்ந்து தவணை கட்டுவதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அந்த வட்டி ஆண்டுக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சட்டம் பதினாறு வயதுக்காரரை எங்கே நிறுத்துகிறது என்பதும் பாடமே. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே அவர் பெயரில் கடன் கிடையாது. படித்த வேலையற்றோருக்கான அரசின் கடன் திட்டங்களும், வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களும் 18 வயதில்தான் தொடங்குகின்றன. சேமிப்புக் கணக்கை மட்டும் பத்து வயதுக்கு மேல் தானே இயக்கலாம். எனவே பள்ளிக்காலத் தொழில் என்பது சொந்தச் சேமிப்பிலும் பள்ளி தரும் சிறு முதலிலும் நடக்கும் பயிற்சியாகவே இருக்க முடியும்.

தொடங்கும் வழிகள்

அறக்கட்டளையோ சங்கமோ பதிவு செய்து, தனியார் பள்ளிகள் சட்டப்படி அங்கீகாரம் வாங்கி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் கட்டணமின்றி நடத்துவது ஒரு வழி. அந்த நிதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அது நின்ற வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளை எங்கே போவாள் என்பதற்குப் பதில் வேண்டும். நடக்கும் அரசுப் பள்ளிக்குள்ளேயே இதைத் தொடங்குவது மற்றொரு வழி. யுனிசெப் துணையுடன் தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் பள்ளிப் புத்தாக்கத் திட்டம், 2022இல் வந்த ‘நான் முதல்வன்’, மக்கள் நன்கொடைக்கான ‘நம்ம ஸ்கூல்’ அமைப்பு ஆகியவை அதற்கு உதவும். கட்டடமும் சத்துணவும் ஆசிரியர் சம்பளமும் ஏற்கெனவே இருக்கும் இந்த இரண்டாம் வழியே டெல்டாவுக்கு ஏற்றது.

அதிலும் ஒரு முடிச்சு மிச்சமிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ சேரும் பெண்ணுக்குப் ‘புதுமைப்பெண்’ திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் ஆண்பிள்ளைகளுக்கும் உண்டு. பிளஸ் டூ முடித்ததும் தஞ்சை கீழவாசலில் ஒரு சிறு கடை போடும் மாணவிக்கு அந்தத் தொகை இல்லை. தொலைநிலைப் படிப்பிலோ மாலைக் கல்லூரியிலோ சேர்ந்துகொண்டே கடை நடத்துபவருக்கு அதை முதல் மூன்றாண்டுக்கு நீட்டினால், கடையா கல்லூரியா என்று பதினெட்டு வயதில் அவர் ஒன்றைக் கைவிட வேண்டியிராது.