ஓர் ஆசிரியரின் சந்தாதாரர்

தமக்குப் பிரியமான ஆசிரியரை அச்சிட்டுக் கட்டிய நூல்களின் வாயிலாக மட்டுமே அறிந்தவர், கலியாணப் பந்தியில் உண்டு எழுந்த விருந்தினரைப் போன்றவர். அவ்வாசிரியர் தாமே நடத்திய பத்திரிகைக்குச் சந்தா கட்டி, மாதந்தோறும் அவர் எழுத்தைப் பின்தொடர்ந்தவரோ, சமையற்கட்டு வரை போய்வரும் உரிமை பெற்ற உறவினரை ஒத்தவர். நம் வாசகசாலையின் பொன்விழா மலருக்கு ஏதேனும் எழுதுமாறு நண்பர்கள் பணித்தபோது, பின்கட்டு அலமாரியின் கீழ்த்தட்டில், காலிகோ அட்டை வெளுத்துப்போய் நிற்கும் 'எழுத்து' பத்திரிகைத் தொகுதிகள் முதலில் என் நினைவுக்கு வந்தமையால், அவ்வகைச் சந்தாதாரரைப் பற்றியே சொல்லலாமெனத் துணிந்தேன்.

இவ்வழக்கம் பழமையானது. இலண்டனில் 1750 மார்ச்சு மாதம் தொடங்கி ஈராண்டுக் காலம், செவ்வாய்தோறும் சனிதோறும், 'ராம்ப்ளர்' என்னும் தாளைச் சாமுவேல் ஜான்சன் ஏறத்தாழத் தன்னந்தனியாகவே எழுதி 208 இதழ்கள் வெளியிட்டார். அகராதி வேலை ஒருபுறம் அழுத்த, அச்சகத்துப் பையன் வாசலில் காத்து நிற்க, எழுதியதைத் திரும்பப் படித்துப் பாராமலேயே கொடுத்தனுப்பிய கட்டுரைகளும் அவற்றில் உண்டு என்பர். தாளில் அவர் பெயர் இராது. ஆயினும் நடையைக் கொண்டே ஆளை இனங்கண்டோர் இருந்தனர். அவ்வளவு கனத்த வசனத்தை வாரம் இருமுறை ஏற்றுக்கொண்ட அவ்வாசகர்களின் ஜீரண சக்தியை நான் வியக்கிறேன்.

ஆனால் இத்துறையில் என் உள்ளத்தை முழுவதும் கவர்ந்தவர் தாஸ்தாயெவ்ஸ்கியே. 1873-இல் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தபோது அதன் ஒரு பகுதியாகத் தொடங்கிய 'ஓர் எழுத்தாளனின் நாட்குறிப்பு' என்பதை, 1876 ஜனவரி முதல் தம் சொந்தப் பொறுப்பிலேயே தனி மாத இதழாக வெளியிடலானார். பிறர் எழுத்துக்கு அதில் இடமில்லை. நீதிமன்ற வழக்குகள், குழந்தைகள் படும் துன்பம், துருக்கி யுத்தம், சிறைவாசத்து நினைவு, இடையிடையே ஒரு கதை என, அம்மாதம் அவர் மனத்தில் எது கொதித்ததோ அதுவே இதழாயிற்று. கணக்கையும் விநியோகத்தையும் மனைவி அன்னா கிரிகோரியெவ்னா பார்த்துக்கொண்டார்.

அடகுக்கடைக்காரன் ஒருவன், ஜன்னலிலிருந்து குதித்து இறந்த தன் இளம் மனைவியின் சடலம் மேசைமேல் கிடக்க, அதனருகே நடந்தபடியே தனக்குத்தானே பேசிக்கொள்ளும் 'கிரோத்காயா' என்ற கதையை நான் கல்லூரி நாட்களில் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் திரிந்திருக்கிறேன். அக்கதைக்கு ஒரு பூர்வாங்கம் உண்டு என்பதோ, அது 1876 நவம்பர் மாத நாட்குறிப்பின் இதழ் முழுவதையும் நிறைத்து வந்தது என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. பல்லாண்டுகளுக்குப் பின் நாட்குறிப்பின் தொகுதி கைக்குக் கிடைத்து, வரிசையாக வாசித்து வருகையில், அக்டோபர் மாதப் பகுதியில் ஒரு சிறு குறிப்பு எதிர்ப்பட்டது: பீட்டர்ஸ்பர்க்கில் வேலை கிடைக்காத தையற்காரப் பெண்ணொருத்தி, தெய்வப்படம் ஒன்றைக் கைகளில் அணைத்துக்கொண்டு மாடி ஜன்னலிலிருந்து குதித்தாள் என்ற பத்திரிகைச் செய்தியும், அந்தச் சாந்தமான சாவைத் தம்மால் மறக்கக் கூடவில்லை என்ற அவர் ஏக்கமும். படித்த கையோடு புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்டோபர் இதழைப் பெற்ற சந்தாதாரர், நவம்பர் இதழைப் பிரித்தபோது, நாட்குறிப்புக்குப் பதிலாக ஒரே ஒரு கதையைத் தருவதற்கு ஆசிரியர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதையும், அக்கதையின் முடிவில் அதே ஜன்னலையும் அதே தெய்வப்படத்தையும் கண்டிருப்பாரல்லவா? நமக்கு இலக்கியமாக வந்து சேர்ந்தது, அவருக்கு ஒரு மாதம் கருவிலிருந்து கண்ணெதிரே பிறந்தது.

அந்த நெருக்கத்துக்கு விலையும் உண்டு. அதே நாட்குறிப்பில் யூதரைப் பற்றி அவர் 1877-இல் எழுதியவையும், யுத்தத்தைப் புனிதமென்று போற்றியவையும், அவரை நேசிப்பவர் கூசிக் குனிந்து கடக்க வேண்டிய பக்கங்கள். நாவலில் நூறு பாத்திரங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்ட வெறியை, தேதியிட்ட தாளில் அவர் தம் பெயரிலேயே பேசுகிறார். அவற்றைத் தவிர்த்துவிட்டுத் தேர்ந்த பகுதிகளை மட்டும் படிக்கும் சௌகரியம் மாதச் சந்தாதாரருக்கு வாய்த்ததில்லை. 1877 முடிவில் புதிய நாவலொன்றின் பொருட்டு வாசகரிடம் விடைபெற்றவர், 'கரமசோவ் சகோதரர்கள்' முடியுந் தறுவாயில், 1880 ஆகஸ்டில், புஷ்கினைப் பற்றிய தம் சொற்பொழிவைத் தாங்கிய ஒரே இதழுடன் திரும்பினார். 1881 ஜனவரி இதழ் வாசகர் கைக்கு எட்டியபோது எழுதியவர் காலமாகியிருந்தார்.

நம் நாட்டில் இதற்கு நிகராக ஒருவரைச் சொல்லச் சொன்னால், வத்தலக்குண்டில் வளர்ந்து திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவில் வாழ்ந்த சி.சு. செல்லப்பாவையே சொல்வேன். 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய 'எழுத்து', இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்ற பிரகடனத்தோடு வெளிவந்தது. அந்த வரம்பை மீறும் ஆபத்து கடைசிவரை நேரவில்லை என்பது வேறு விஷயம். விமரிசனத்துக்கென்று தொடங்கிய அவ்விதழிலேயே தம் 'ஜீவனாம்சம்' நாவலையும் அவர் தொடராக வெளியிட்டமையால், முன்பக்கத்தில் அவர் வகுத்த அளவுகோலைக் கொண்டு பின்பக்கத்தில் அவரையே அளந்து பார்க்கும் அபூர்வ வாய்ப்பு வாசகருக்குக் கிட்டிற்று. ந. பிச்சமூர்த்தியின் புதுக்கவிதைகளும், பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமியின் கவிதைகளும் அதில் வந்தன. திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய பிரமிளும், வடக்கே அரசாங்க உத்தியோகத்திலிருந்த வெங்கட் சாமிநாதனும் அதன் வாயிலாகவே எழுத்தாளராயினர். 1970 வரை 119 இதழ்கள். நூல் மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்ற அம்மனிதரைக் கண்டவர்கள் இன்றும் சிலர் இருக்கக்கூடும்.

நம் வாசகசாலை அலமாரியிலுள்ள 'எழுத்து' தொகுதிகள் என் தாய்மாமனுடையவை. இதழ் வரும் வாரத்தில் அவர் திண்ணையை விட்டு எழுந்திரார், தபால்காரர் தெருமுனை திரும்பியதுமே, "கொண்டாந்திருக்கியா?" என்று உரக்கக் கேட்பார். பிரித்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொள்வார். செல்லப்பாவோடு அவருக்கு ஓயாத சண்டை. இலக்கணத்தைக் கைவிட்ட கவிதையை அவர் கடைசிவரை கவிதையென்று ஒப்பவில்லை, சந்தாவையும் கடைசிவரை நிறுத்தவில்லை. இதழ் நின்றுபோன பின்னும், "என்னடா, இந்த மாசம் காணோமே?" என்று சில காலம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சென்ற வாரம் ஒரு தொகுதியை எடுத்துப் புரட்டினேன். பக்க ஓரங்களில் நெடுக அவருடைய நுணுக்கி எழுதிய பென்சில் குறிப்புகள். பைண்டு செய்தவர் விளிம்பைச் சமன் செய்யும் சிரத்தையில் கத்தியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டார் போலும். ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டு மூன்று எழுத்துகள் இல்லை. ஓரிடத்தில் "இதை நான் ஒப்பமா" என்ற மட்டில் நிற்கிறது.