சக்கர நாற்காலியில் ஏறிய காமிரா

குறைந்த செலவில் எடுத்த துப்பாக்கிப் படம் என்றால் நம்மவர்களுக்கு இளக்காரம்தான். "காமிரா ஆடுகிறது, வெட்டு ஒட்டவில்லை" என்பார்கள். அந்தக் குறைகளே பிற்பாடு ஒரு பாணியான கதையை மூன்று படங்களை வைத்துச் சொல்கிறேன்.

1950இல் வந்த அமெரிக்கப் படம் 'கன் கிரேஸி'. இயக்குநர் ஜோசப் எச். லூயிஸ். அதில் ஒரு வங்கிக் கொள்ளை. ஆனால் காமிரா வங்கிக்குள் போகவே இல்லை. காரின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. ஊருக்குள் வருவது, அவன் இறங்கிப் போவது, ஓடிவந்து ஏறுவது, தப்புவது, எல்லாம் ஒரே ஷாட். வங்கி செட் செலவு மிச்சம். பார்க்கிற நாமோ பின்சீட்டுக் கூட்டாளி ஆகிவிடுகிறோம்!

இவ்வகைப் படங்களுக்கு 'ஃபிலிம் நுவார்' என்ற பெயரைப் பரப்பியவர்கள் பிரெஞ்சு விமர்சகர்கள். 'நுவார்' என்றால் கறுப்பு. பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றோருக்கு உடனே நினைவுக்கு வருவது, காலிமார் பதிப்பகம் 1945இல் தொடங்கிய 'செரி நுவார்' குற்ற நாவல் வரிசை.

1960இல் வெளிவந்த 'ஆ பூ த சூஃப்ள்' படத்தை கோதார் மோனோகிராம் என்ற அமெரிக்கக் கம்பெனிக்குச் சமர்ப்பித்தார். மலிவுப் படங்கள் எடுத்த கம்பெனி அது! ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தார் கையில் காமிராவோடு சக்கர நாற்காலியில் உட்கார, அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஷான்செலிசே வீதியில் தபால் வண்டிக்குள் காமிராவை ஒளித்து எடுத்தார்கள். படம் நீண்டுவிட்டதால் காட்சிகளுக்கு நடுவிலேயே கத்தரித்தார்கள். அதுவே புகழ்பெற்ற 'ஜம்ப் கட்'.

1992இல் வெளிவந்த 'எல் மரியாச்சி'யை ராபர்ட் ரோட்ரிகஸ் சுமார் 7,000 டாலரில் படம்பிடித்தார். அங்கும் சக்கர நாற்காலிதான். ஒலியைத் தனியே பதிந்ததால், உதட்டசைவு பிசகும் இடத்தில் சட்டென்று வேறு ஷாட்டுக்குத் தாவினார். அந்த வேகத்தை ரசிகர்கள் துடிப்பு என்று கொண்டாடினார்கள்.

குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு இதில் ஒன்று புரிகிறது. ஒதுக்கிய தொகைக்குள் வேலையை முடிப்பவனுக்கு, எது இல்லாவிட்டால் நடக்காது என்பது தெரிந்துவிடும். இன்று கோடிகளைக் கொட்டி, வேண்டுமென்றே காமிராவை ஆட்டுகிறார்கள். ஆட்டம் வந்துவிடுகிறது; அதைப் பெற்றெடுத்த நெருக்கடி வருவதில்லை. படம் எடுக்கத் துடிக்கும் பேரப்பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், காசில்லை என்று தயங்க வேண்டாம் எனச் சொல்லுங்கள்.