பணம் கொடுத்தால் பாவம் போகுமா?

‘பாவமன்னிப்புச் சீட்டு’ என்றதும் பலருக்கும் பள்ளி வரலாற்றுப் பாடம் நினைவுக்கு வரும். காசு வாங்கிக்கொண்டு கத்தோலிக்கத் திருச்சபை பாவத்தை மன்னித்தது என்பதே பொதுவான எண்ணம். உண்மையில் நடந்தது என்ன?

ஒருவர் பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார். மன்னிப்பும் கிடைக்கிறது. ஆனால், இடிந்த சுவரை யார் கட்டுவது? பாவமும் அப்படித்தான் என்கிறது திருச்சபை. குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு. பரிகாரம் மட்டும் மிச்சமிருக்கும். அந்தப் பரிகாரத்தைக் குறைப்பதைத்தான் கத்தோலிக்கர்கள் ‘பலன்’ என்கிறார்கள். ‘300 நாள் பலன்’ என்றால், அக்காலத்து 300 நாள் தவத்துக்கு ஈடு என்று பொருள். மக்களோ, மறுமையில் 300 நாள் தண்டனை குறையும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பணம் எப்படி நுழைந்தது? 1095இல் சிலுவைப் போருக்குச் செல்வோருக்குப் போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் இத்தகைய சலுகையை அறிவித்தார். பின்னாளில், போருக்குப் போகாமல் பொருளுதவி செய்தவர்களுக்கும் அது கிடைத்தது. 1454இல் ஜெர்மனியில் பெயர் எழுத இடம் விட்டுச் சீட்டுகள் அச்சாகின. 1476இல் இறந்தவர்களுக்காகவும் பலன் பெறலாம் என்றானது. ஆசை காட்டுவதற்கு இது போதாதா?

மைன்ஸ் நகரப் பேராயர் அல்பிரெக்ட், பதவிக்காக ஃபுகர் வணிகக் குடும்பத்திடம் பெருங்கடன் பட்டிருந்தார். வசூலில் பாதி அந்தக் கடனுக்கு, பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்கு என்று ஏற்பாடு. வசூலில் இறங்கிய டெட்சல் என்ற துறவியின் போதனையைக் கேட்டுத் திரும்பியவர்கள், இனி மனம் வருந்தத் தேவையில்லை என்று எண்ணினர். இதனால் கொதித்தெழுந்த மார்ட்டின் லூதர், 1517 அக்டோபர் 31இல் 95 வாதங்களை வெளியிட்டார். ஐரோப்பியக் கிறிஸ்துவம் பிளவுபட்டது.

1563இல் டிரெண்ட் பொதுச்சங்கம் இந்தப் பண வசூலைக் கண்டித்தது. 1567இல் போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ், காசோடு தொடர்புடைய பலன்களை ரத்து செய்தார். 1967இல் நாள் கணக்கும் நீக்கப்பட்டது. பலன் மட்டும் இன்றும் உண்டு. 2025 யூபிலி ஆண்டிலும் வழங்கப்பட்டது. பாவ அறிக்கை, நற்கருணை, மன்றாட்டு, பாவப் பற்றை விடுதல் ஆகியவையே அதற்கான நிபந்தனைகள். காசு அதில் இல்லை.

ஆக, பாடப்புத்தகம் சொல்லும் வியாபாரம் பொய்யல்ல. ஆனால், மனம் திருந்தாதவருக்கு மன்னிப்பு உண்டு என்று திருச்சபையின் கோட்பாடு ஒருபோதும் சொன்னதில்லை. வசூலித்தவர்கள் அதை அழுத்திச் சொல்லாமல் விட்டதே வினையானது.