அறுவைப் புண்ணின் மேல் இட்டவை: லிஸ்டரின் பட்டு முதல் வாசலின் வரை

1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனைக்கு ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவனைக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறி இடது கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. அந்நாளில் இப்படிப்பட்ட முறிவு பெரும்பாலும் சீழ் பிடிக்கும். காலை எடுப்பார்கள், இல்லையென்றால் உயிர் போகும். அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். நான்காம் நாள் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது சீழ் இல்லை. ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. 1867இல் ‘லான்செட்’ இதழில் லிஸ்டரே எழுதிய இந்த நிகழ்வைச் சொல்லாத அறுவை மருத்துவ வரலாறு இல்லை. அதே பதிவிலுள்ள இன்னொரு செய்தியை மட்டும் பலரும் கடந்து போகிறார்கள்: அமிலம் பட்டுத் தோல் எரிச்சல் கண்டு சிவந்திருந்தது.

லிஸ்டர் அதைக் கடந்து போகவில்லை. முதலில் அமிலத்தை ஆலிவ் எண்ணெயில் கலந்து வீரியத்தைக் குறைத்தார். அடுத்த ஆண்டுகளில், வார்னிஷ் பூசிய எண்ணெய்ப் பட்டுத் துண்டு ஒன்றைப் புண்ணின் மேல் நேராகப் பரப்பி, அதற்கு வெளியேதான் கார்பாலிக் கட்டை வைத்தார். தாம் இடும் மருந்து புண்ணைத் தீண்டாதபடி தாமே ஒரு தடுப்பு வைத்தார் என்பதே இதன் பொருள். புண்ணில் கிருமி சேராமல் பார்ப்பது ஒரு வேலை, புண்ணை விரைந்து ஆறச் செய்வது வேறு வேலை என்பதை அவர் அப்போதே கண்டுகொண்டார். அடுத்த நூறாண்டுகளில் மருத்துவ உலகம் இவ்விரண்டையும் திரும்பத் திரும்ப ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

லிஸ்டருக்கு முந்தைய நெடுங்காலத்தைச் சுருக்கமாகவே பார்க்கலாம். கி.மு. 1600ஐ ஒட்டிப் படியெடுக்கப்பட்ட எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுவடி, காயத்தின் மேல் முதல் நாள் பச்சை இறைச்சியையும் பிறகு கொழுப்பு, தேன், பஞ்சு ஆகியவற்றையும் வைக்கச் சொல்கிறது. சுசுருத சம்ஹிதை புண்ணுக்கு அறுபது வகைச் சிகிச்சைகளை வகுக்கிறது. தேனும் நெய்யும் அதில் அடிக்கடி வரும். புறநானூற்றின் 353ஆம் பாடலில், பெண் கேட்டு வந்தவருக்கு அவளுடைய தமையன்மாரைப் பற்றி எச்சரிக்கும்போது, அவர்கள் புண்ணிலிருந்து பஞ்சுகூட இன்னும் எடுக்கப்படவில்லை என்ற குறிப்பு வருகிறது. சித்த மருத்துவர்கள் இன்றும் தரும் மத்தன் தைலத்தில் ஊமத்தை இலைச் சாறும் தேங்காய் எண்ணெயும் மயில்துத்தமும் சேர்கின்றன. எண்ணெயும் தேனும் புண்ணை உலர விடாதவை. துத்தமும் தேனும் கிருமிக்கு ஆகாதவை. முன்னோர் இவற்றை அறிந்தே சேர்த்தார்கள் என்று வாதிட நான் துணியமாட்டேன். ஆறுவதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று ஒப்பிட்டுப் பார்த்த பதிவு இவை எவற்றிலும் இல்லை.

அந்த அளவை முதல் உலகப் போரின் நடுவே பிறந்தது. பாரிசுக்கு வடகிழக்கே கொம்பியேன் நகரில், போர்முனைக்கு அருகிலிருந்த மருத்துவமனையை நடத்தியவர் அலெக்சிஸ் கரேல். இரத்தக் குழாய்களைத் தைக்கும் முறைக்காக 1912இல் நோபல் பரிசு பெற்றவர். உரமிட்ட வயல்களில் வெட்டிய பதுங்குகுழிகளின் சேறு ஒவ்வொரு காயத்திலும் புகுந்தது. ஆங்கிலேய வேதியியலர் ஹென்றி டேக்கின் 200க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைச் சோதித்து, ஏறத்தாழ 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைத் தேர்ந்தெடுத்தார். சலவைத் தூளின் உறவுக்காரன்தான். ஆனால் தோலைப் பொசுக்காத அளவுக்குக் காரம் தணிக்கப்பட்டது. பழுதான சதையை வெட்டி நீக்கிவிட்டு, ரப்பர் குழாய்களைப் புண்ணின் மூலைமுடுக்கெல்லாம் செருகி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கரைசலைப் பாய்ச்சினார்கள்.

இந்தக் கரைசலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே புண்ணை அளந்த விதம். கண்ணாடித்தாளைப் புண்ணின் மேல் வைத்து விளிம்பை வரைந்தெடுத்து, பரப்பளவைக் கணக்கிட்டு, சில நாளுக்கொருமுறை பதிவு செய்தார்கள். கரேலுடன் பணியாற்றிய பியேர் லெகோம்த் டு நூயி, 1916இல் அந்த எண்களிலிருந்து ஒரு சூத்திரத்தை வகுத்தார். பரப்பும் நோயாளியின் வயதும் தெரிந்தால் புண் மூடும் நாளை முன்கூட்டியே கணிக்கலாம். இளைஞனின் புண் விரைவாகவும் மூத்தவரின் புண் மெதுவாகவும் சுருங்கின. கிருமி சேர்ந்தால் வளைகோடு கணித்த பாதையை விட்டு விலகியது. ‘விரைவாக ஆறுகிறது’ என்று யாராவது சொன்னால், ‘எதைவிட?’ என்று திருப்பிக் கேட்க முதன்முறையாக ஒரு கருவி கிடைத்தது.

அதே போரில், பூலோன் நகரச் சூதாட்ட அரங்கை ஆய்வகமாக்கி மருத்துவர் ஆல்ம்ரோத் ரைட்டின் கீழ் உழைத்துக்கொண்டிருந்தார் அலெக்சாண்டர் ஃபிளெமிங். சோதனைக் குழாயின் அடிப்பகுதியைச் சூடாக்கி, முள் முள்ளாக இழுத்து, வெடிகுண்டுக் காயத்தின் சந்துபொந்துகளைப் போல ஒரு ‘கண்ணாடிப் புண்’ செய்தார். கிருமியுள்ள நீரை அதில் ஊற்றிக் கொட்டிவிட்டுக் கிருமிநாசினியை நிரப்பினால், முள் நுனிகளில் பதுங்கிய கிருமிகள் பிழைத்துக்கொண்டன. அதைவிடக் கசப்பான முடிவு ஒன்றும் கிடைத்தது: கிருமிநாசினிகள் கிருமிகளைக் கொல்லுமுன் இரத்த வெள்ளணுக்களைக் கொன்றன. 1919இல் லண்டனில் ஆற்றிய ஹண்டேரியன் உரையில் இதையெல்லாம் அவர் விளக்கினார். இருந்தும், எடின்பரோவில் 1915இல் பிறந்த யூசால் என்ற சுண்ணாம்புக் குளோரின் கரைசல் பல பத்தாண்டுகள் அறுவைப் பிரிவுகளில் கோலோச்சியது. கட்டைப் பிரித்ததும் மருந்து வாசனை தூக்கலாக அடித்தால்தான் நோயாளிக்கும் நம்பிக்கை, செவிலியருக்கும் திருப்தி.

மறுபக்கம், கிருமியோடு போரிடாத பொருள்கள் ஓசையில்லாமல் உள்ளே வந்தன. சினிமாவைத் தந்த லூமியேர் சகோதரர்களில் ஒருவரான ஓகுஸ்த், போர்க்காலத்தில் வலைத்துணியில் பாரஃபின் கொழுப்பை ஏற்றி, புண்ணோடு ஒட்டாத கட்டுத்துணி ஒன்றை உருவாக்கினார். வாசலினின் கதை இன்னும் பழையது. பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளில் குழாய்த் தண்டுகளில் படிந்த மெழுகைத் தொழிலாளர்கள் தங்கள் வெட்டுக்காயங்களில் தடவுவதைக் கண்ட ராபர்ட் செஸ்ப்ரோ, அதைத் தூய்மையாக்கி 1872இல் காப்புரிமை பெற்றார். இவை ஏன் வேலை செய்தன என்று அப்போது யாரும் தீவிரமாகக் கேட்கவில்லை.

விடை 1962இல் பன்றித் தோலிலிருந்து வந்தது. லண்டனில் ஜார்ஜ் வின்டர், இளம் பன்றிகளின் முதுகில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் காயவிட்டார். சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. காயவிட்ட புண்ணில் பொருக்குத் தட்டுகிறது. புதுத்தோல் செல்களுக்கு ஈரம் வேண்டும், ஆகவே அவை உலர்ந்த படலத்துக்கு அடியில் இறங்கி, வழியை அரித்துக்கொண்டே நகர வேண்டியிருக்கிறது. ஈரம் காக்கப்பட்ட புண்ணில் அவை மேற்பரப்பிலேயே நேராக நகர்கின்றன. மறு ஆண்டே ஹின்மன், மைபாக் இருவரும் மனிதத் தோலிலும் இதைக் காட்டினார்கள். ‘புண்ணைக் காற்றாட விடு’ என்று வீட்டுப் பெரியவர்கள் முதல் மருத்துவர் வரை எல்லாரும் சொல்லிவந்த அறிவுரைக்கு விழுந்த அடி அது. தோல் ஒட்டு அறுவைக்காகத் தொடையில் தோல் சீவிய இடத்துக்கு ஒளி ஊடுருவும் மென்தாள் ஒட்டும் வழக்கமும், 1980களில் பரவிய ஹைட்ரோகொலாய்டு கட்டுகளும் இந்த ஆய்வின் வழித்தோன்றல்கள்.

கிருமிநாசினிகளின் கணக்கு 1985இல் மீண்டும் பார்க்கப்பட்டது. லைன்வீவரும் உடன் ஆய்வாளர்களும், வழக்கமான செறிவிலுள்ள போவிடோன் அயோடின், ஹைட்ரஜன் பெராக்சைடு, அசிட்டிக் அமிலம், ஹைப்போகுளோரைட் ஆகிய நான்கும் தழும்பை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை அழிப்பதைக் காட்டினார்கள். அயோடினை 0.001 சதவீதமாகவும் ஹைப்போகுளோரைட்டை 0.005 சதவீதமாகவும் நீர்க்கச் செய்தபோது செல்கள் பிழைத்தன, பாக்டீரியா செத்தது. பெராக்சைடிலும் அசிட்டிக் அமிலத்திலும் அப்படியொரு இடைவெளியே அகப்படவில்லை. ஆய்வகத் தட்டில் கண்டதை அப்படியே உடம்புக்குப் பொருத்த முடியாது. ஆனாலும், நுரை பொங்கினால் புண் சுத்தமாகிறது என்ற நம்பிக்கை இதற்குப் பின் நிற்பது கடினம்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி திறந்த புண்ணைப் பற்றியது. தையல் போட்டு மூடிய புண்ணின் நிலை வேறு. விளிம்புகள் சேர்ந்திருந்தால் மேல்தோல் 24 முதல் 48 மணி நேரத்தில் இடைவெளியை மூடிவிடும். வலிமை தருவது அடியில் உருவாகும் கொலாஜன். ஒரு வாரத்தில் அது பழைய தோலின் பத்தில் ஒரு பங்கு வலிமையைக்கூடத் தராது, மூன்று மாதமானாலும் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாது. மேலே தடவும் களிம்பு அந்த ஆழத்தை எட்டுவதில்லை. நோயாளி ‘சீக்கிரம் ஆற ஏதாவது பூசலாமா?’ என்று கேட்கும் நேரத்தில், பூச்சால் முடுக்கக்கூடிய கட்டம் பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும்.

நோயாளிகளிடம் செய்த சோதனைகளும் இதை ஒட்டியே வந்தன. 1996இல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள், சிறு தோல் அறுவை செய்துகொண்ட 922 பேரில் ஒரு பாதிக்கு பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பும், மறுபாதிக்கு வெறும் வெள்ளை வாசலினும் தந்தார்கள். தொற்று ஏற்பட்டோர் முறையே 0.9, 2.0 சதவீதம், புள்ளியியல்படி இது வேறுபாடாகாது. பாசிட்ராசின் பூசியவர்களில் நால்வருக்கு ஒவ்வாமை வந்தது, வாசலின் பூசியவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. 1999இல் வைட்டமின் ஈ-யைத் தழும்பின் ஒரு பாதியில் மட்டும் பூசிப் பார்த்த ஆய்வில் 15 பேர்தான் இருந்தார்கள். பெரும்பாலோருக்குப் பயனில்லை அல்லது தழும்பு மோசமானது, மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி கண்டது. தேனுக்கு மட்டும் ஓரளவு ஆதரவு உண்டு. அதே 1999இல் வெளியான ஆய்வில், வயிற்று அறுவைக்குப் பின் சீழ் பிடித்த 50 பெண்களில், தேன் இட்டவர்களின் புண் கிருமிநாசினி இட்டவர்களுடையதைவிட ஏறத்தாழ பாதி நாள்களில் ஆறியது. அவை தொற்றுக்குள்ளான புண்கள் என்பதை மறக்கக்கூடாது; சுத்தமான தையலுக்கு அந்த முடிவை நீட்ட இடமில்லை.

மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, தையலால் மூடிய அறுவைப் புண்ணில் தொற்றைத் தடுக்க மேற்பூச்சுக் கிருமிநாசினிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2008இல் பரிந்துரைத்தது. யூசால் நனைத்த காஸ் துணியையும் அதே ஆவணம் விலக்கியது. மறு ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து மாற்றுக் குரல்போல ஒன்று கேட்டது. வெப்பமும் புழுக்கமும் மிகுந்த அப்பகுதியில், சிறு அறுவை செய்துகொண்ட 972 பேரில், தைத்தவுடன் ஒரே ஒருமுறை குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு பூசியவர்களிடம் தொற்று 6.6 சதவீதம், பாரஃபின் களிம்பு பூசியவர்களிடம் 11 சதவீதம். வேறுபாடு 4.4 புள்ளிகள். ஆய்வாளர்கள் தொடங்கும்போதே, 5 புள்ளிகளாவது குறைந்தால்தான் மருத்துவப் பயன் என்று எல்லை வகுத்திருந்தார்கள். எண்ணிக்கையில் உறுதியான தம் முடிவு நடைமுறையில் பொருட்படுத்தத் தக்கதாக இல்லாமல் போகலாம் என்று தங்கள் கட்டுரையிலேயே எழுதினார்கள்.