பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளைப் படியெடுத்தல்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பழைய கையெழுத்து ஏடுகளைப் படித்து, அவற்றிலுள்ள பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் முதலிய விவரங்களைத் தேடிப் பார்க்கத்தக்க பட்டியலாக்கும் பணி. குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் எழுதுவோர் பெரிதும் நம்பியிருப்பது இதைத்தான். பிரிட்டனில் இப்பணி பல பத்தாண்டுகளாகத் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்திருக்கிறது.

ஏடுகள் உருவான விதம்

பிரிட்டனில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடந்துவருகிறது. போர்க்காலமான 1941இல் மட்டும் நடக்கவில்லை. தொடக்கத்தில் தலையெண்ணியதோடு சரி. நாடு முழுவதும் ஆட்களின் பெயரை எழுதும் வழக்கம் 1841 ஜூன் 6ஆம் தேதிக் கணக்கெடுப்பில்தான் வந்தது. குடும்பத் தலைவருடனான உறவு, மணநிலை, பிறந்த ஊர் ஆகியவை 1851இல் சேர்ந்தன.

கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் படிவம் கொடுப்பார். நிரப்பியதைத் திரும்ப வாங்கித் தம் ஏட்டில் பெயர்த்தெழுதுவார். எழுதத் தெரியாத வீடுகளில் கேட்டதைக் கேட்டபடி தாமே எழுதிக்கொள்வார். அந்தப் படிவங்கள் பின்னர் அழிக்கப்பட்டுவிட்டதால் 1841 முதல் 1901 வரை எஞ்சியிருப்பவை பெரும்பாலும் இந்த ஏடுகளே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டார் கைப்பட நிரப்பிய படிவங்கள் 1911இலிருந்து கிடைக்கின்றன.

படிப்பதில் உள்ள சிக்கல்கள்

புள்ளிவிவரம் தொகுத்த எழுத்தர்கள் எண்ணி முடித்த இடங்களில் பென்சிலால் கோடு கிழித்தார்கள். அந்தக் கோடு வயதின் மேலேயே விழுந்திருந்தால் 3 எது, 8 எது என்று தெரிவதில்லை. இரட்டை ‘எஸ்’ வரும் இடத்தில் முதல் எழுத்தை நீட்டி எழுதுவது அக்கால வழக்கம்; பழகாத கண்ணுக்கு அது ‘எஃப்’ போலத் தெரிய, ராஸ் என்ற குடும்பப்பெயர் ‘ராஃப்ஸ்’ ஆகிவிடும். விவசாயக் கூலி என்பதற்கு ‘ஏக் லேப்’ என்ற சுருக்கம் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

வயதிலும் கவனம் வேண்டும். 1841இல் பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அதில் 25 என்று பதிவான ஒருவர் 1851இல் 38 என்று வந்தால் முரண்பாடு இல்லை. முதல் கணக்கெடுப்பின்போது அவருக்கு 28 வயது இருந்திருக்கலாம்.

உள்ளபடி எழுதுதல்

ஏட்டில் இருப்பதை அப்படியே எழுதுவது இப்பணியின் அடிப்படை விதி. ஊர்ப்பெயர் பிழையாக இருந்தாலும் திருத்தக் கூடாது. சரியான வடிவத்தைத் தனிக்கட்டத்தில் தரலாம். ஒரே ஆள் ஒரு கணக்கெடுப்பில் பிறந்த சிற்றூரையும் அடுத்ததில் பக்கத்து நகரத்தையும் சொல்லியிருப்பார். படியெடுப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பின்னால் வருபவருக்கு ஒரு தடயம் தொலைந்துபோகும். மூலப்படத்தைத் தேடி ஒப்பிடுவதற்காகத் தொகுதி எண், தாள் எண், பக்க எண் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும்.

கூட்டு முயற்சிகள்

1881ஆம் ஆண்டு ஏடுகளைக் குடும்ப வரலாற்றுச் சங்கங்களும் யூட்டா மரபுவழிச் சங்கமும் சேர்ந்து படியெடுத்தன. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டில் மட்டும் அதில் ஏறத்தாழ 2.6 கோடிப் பேர். அந்தத் தொகுப்பு 1999இல் குறுந்தகடுகளாக வெளிவந்தது. கட்டணமில்லாத தேடலுக்காக ஃபிரீசென் என்னும் தன்னார்வத் திட்டமும் தொடங்கி நடந்துவருகிறது. இப்பட்டியல்களுக்கான வேட்கை 2002 ஜனவரியில் வெளிப்பட்டது: 1901 ஏடுகள் இணையத்தில் வந்ததுமே நெரிசல் தாங்காமல் அந்தத் தளம் முடங்கியது.

பயன்

பிள்ளைகள் பிறந்த ஊர்களை வரிசையாகப் பார்த்தாலே ஒரு குடும்பம் போன வழி தெரியும். கார்ன்வாலின் செம்புச் சுரங்கங்கள் 1860களில் நொடித்தபோது தொழிலாளர்கள் வேறு சுரங்கப் பகுதிகளுக்கும் கடல் கடந்தும் போனார்கள். மூத்த பிள்ளை கார்ன்வாலிலும் இளைய பிள்ளை வடக்கே டரமிலும் பிறந்ததாக ஏடு காட்டினால், இடம் பெயர்ந்த ஆண்டை அந்த இரு வயதுகளுக்கு நடுவே தேடலாம். ஒரு தெருவின் எல்லா வீடுகளையும் இப்படிப் படியெடுத்தால் அங்கே யார் யாருக்கு அண்டை வீட்டார், எந்தத் தொழில் எப்போது நின்றது என்பதும் தெரியவரும்.

அடுத்துத் திறக்கவுள்ளவை

ஆள்விவரங்கள் நூறாண்டு மூடப்பட்டிருக்கும். இங்கிலாந்து, வேல்ஸின் 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் வெளியானது. 1931 ஏடுகள் 1942 டிசம்பரில் மிடில்செக்ஸின் ஹேய்ஸில் தீக்கிரையாயின. ஆகவே அங்கு அடுத்துக் கிடைக்கவிருப்பது 1951 கணக்கெடுப்பே. அதுவரை 1939 செப்டம்பரில் தொகுத்த தேசியப் பதிவேடுதான் இடைவெளியை நிரப்புகிறது.