செஞ்சி வரலாற்றில் விடுபட்ட பெயர்கள்

கோட்டைக்கு மாணவர்களை அழைத்துப் போனால், ராஜா தேசிங்கு கதை முடிந்ததும் ஒன்று கேட்பேன்: "இந்த வரலாற்றுச் சுவடிகளைத் திரட்டியது யார்?"

"மெக்கன்சி சார்!"

பாதிதான் சரி. ஊர் ஊராக நடந்து, ஏடு தேடி, பெரியவர்களிடம் கேட்டு எழுதியவர்கள் காவலி போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா போன்ற நம்மவர்கள். 1943இல் செஞ்சி வரலாறு எழுதிய சி. எஸ். சீனிவாசாச்சாரிக்கும் அச்சுவடிகள் உதவின.

1821இல் மெக்கன்சி மறைந்தார். பணியைத் தொடர லட்சுமய்யா அனுமதி கேட்டார். தகுதி போதாதென்று 1830களில் கல்கத்தா ஆசியச் சங்கம் மறுத்துவிட்டது. அத்தனை ஆண்டு அந்த வேலையைச் செய்தவருக்கா தகுதியில்லை?

ஆய்வு செய்யும் பிள்ளைகளே, உங்களுக்குத் தகவல் சொன்ன பெரியவரின் சம்மதம் கேளுங்கள். சம்மதித்தால் அவர் பெயரை மறக்காமல் எழுதுங்கள். அது நன்றிக்கடன் மட்டுமல்ல, அவர் உரிமை.